மதியம் ஒன்றே காலுக்கு எல்லாம் சரியாக இருந்தது

கிராம்பெக் ஏரிக்கரை முகாம் நண்பர்கள் சங்கத்தில் (பதிவு பெற்றது) மின்கோளாறு என்று ஒன்று கிடையாது. ஐம்பது வருடமாகக் கிடையாது. அதற்கான பதிவேடு சங்க அலுவலகத்துச் சுவரில், தீயணைப்புக் கருவிக்கும் தலைவரின் படத்துக்கும் நடுவே, சங்கிலி போட்டுத் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான்: தேதி, நேரம், 231 வோல்ட், கையெழுத்து.

ஆகவே ஜூலை ஒன்பதாம் தேதி சாயங்காலம், வண்டிகளை நிறுத்திக் குடியிருக்கும் மனைகளில் கடைசியான அறுபத்தொன்றாம் மனையில், ரோஸ்விதா லெம்கேயின் வேனுக்குள் ஃபிரிட்ஜ் சிவப்பு விளக்கை மினுக்கியபோது, அவள் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான்.

அவள் அப்படிப்பட்டவள். முப்பத்துநாலு வருடம் நகராட்சியின் குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். எழுத்து கட்டத்துக்கு வெளியே போன படிவங்களைத் திருப்பி அனுப்பியவள். அதையும் புன்னகையோடு செய்தவள். எந்த விதிக்கும் அடியில் எங்கோ ஒரு நியாயம் படுத்திருக்கும், பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தால் அது எழுந்து வந்து கதவைத் திறக்கும் என்று நம்பினாள். ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு இந்த ஏரிக்கரைக்கு வந்திருந்தாள். வேறு முகவரி அவளுக்குக் கிடையாது. முதல் வருடம் சோதனை உறுப்பினர். குறிப்பேட்டில் மூன்று குறிப்பு விழுந்தால் மனை போய்விடும்.

ஃபிரிட்ஜுக்குள் வெண்ணெய், பாலாடைக்கட்டி, பாதி வெள்ளரிக்காய் எல்லாம் இருந்தன. அவை போனால் போகட்டும். அவற்றுக்குப் பின்னால் ஆறு ஊசிகள் இருந்தன, பேனா வடிவத்தில், இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் மூன்று மாதத்துக்கு. மூட்டுகளைத் தின்னும் நோய் அவளுக்கு. முந்தின வருடம் ஊசி தாமதமான ஒரு குளிர்காலத்தில், சாவியைத் திருப்ப முடியாமல் தன் வீட்டு வாசலிலேயே ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள். ஊசி எட்டு டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. உறையவும் கூடாது. வெளியே முப்பத்தைந்து டிகிரி.

அவள் கையேட்டை எடுத்துப் படித்தாள். இந்த ஃபிரிட்ஜுக்குள் மோட்டார் கிடையாது. ஒரு சின்னக் குழாயைச் சூடாக்கித்தான் அது குளிரை உண்டாக்குகிறது. சூடு போதாவிட்டால் குளிர் வராது. அந்தச் சூட்டுக்கு மூன்று வழி: கம்பத்திலிருந்து வரும் மின்சாரம், எரிவாயு, இல்லாவிட்டால் வண்டி ஓடும்போது பேட்டரி. ஒன்று போனால் இன்னொன்று. கையேடு அதைப் பெருமையாகச் சொன்னது. ரோஸ்விதாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஃபியூஸை மாற்றினாள். பிளக்கின் ஊசிகளைத் துடைத்தாள். சுருட்டி வைத்திருந்த கேபிளை முழுசாகப் பிரித்துப் போட்டாள். காலையில் பெட்டி ஜில்லென்று இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு விளக்கு மறுபடி மினுக்கியது.

மறுநாள் மின்காவலர் ஹார்ட்முட் ஷ்வென்க் வந்தார். சங்கத்தில் மின்சாரக் கம்பத்தின் சாவி அவர் ஒருவரிடம்தான். மதியம் ஒன்றே கால். ஒன்றிலிருந்து மூன்று வரை முகாமில் மதிய ஓய்வு நேரம். அந்த நேரத்தில் வேனின் சறுக்குக் கதவை இழுத்தால்கூடக் குற்றம். கருவிகளோடு நடமாட ஷ்வென்க்குக்கு மட்டும் விலக்கு உண்டு, பேசுவதற்கு இல்லை. அதனால் அவர் கிசுகிசுத்தார்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு. எல்லாம் சரியா இருக்கு, ஃப்ராவ் லெம்கே."

"சாயந்தரம்தான் நின்னுபோகுது, ஹெர் ஷ்வென்க்," என்று அவளும் கிசுகிசுத்தாள். "சாயந்தரம் ஒரு தடவ அளந்து பாக்கலாமா?"

ஷ்வென்க் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாயந்தரம் அளக்க முடியாதுங்க."

"ஏன்?"

"சாயந்தரம் எல்லாரும் கரண்ட் எடுக்கறாங்களே. அறுபது மனையிலயும் மின்சார கிரில்லு. அது பத்தாதுன்னு விசிறி, டிவி வேற. அந்த நேரத்துல அளந்தா சுத்தமான எண் எப்படி வரும்? மதியந்தான் யாரும் எதையும் போட மாட்டாங்க. அப்ப அளந்தாத்தான் கரண்டோட உண்மையான குணம் தெரியும்."

பிறகு அவர் முட்டிபோட்டு ரசமட்டத்தை வேனின் தரையில் வைத்தார். குமிழி கொஞ்சம் நகர்ந்தது.

"பாத்தீங்களா? வண்டி சாஞ்சிருக்கு. இந்த மாதிரிப் பெட்டி சாஞ்சா வேலை செய்யாது. கோளாறு உங்க பக்கம்."

அது உண்மைதான், கையேட்டிலும் இருந்தது. ரோஸ்விதாவுக்கு வெட்கமாகவும், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. தப்பு தன்னுடையது என்றால் திருத்திவிடலாம். சக்கரங்களுக்கு அடியில் ஆப்பு வைத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் ஷ்வென்க் வந்து ஆப்பைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஆப்பு மஞ்சள் நிறம். சங்கத்தின் நிறம் பச்சை. அவள் பச்சை அடித்தாள். சாயங்காலம் ஆறரைக்கு விளக்கு மினுக்கியது.

அறுபதாம் மனையில் இல்கா போதே என்று ஒருத்தி இருந்தாள். எட்டு வருட முழு உறுப்பினர். சங்கத்தில் முழு உறுப்பினர்களுக்குள் 'நீ'தான், தலைவரிலிருந்து கக்கூஸ் கழுவுகிறவர் வரை. சோதனை உறுப்பினரை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட வேண்டும், பெயருக்கு முன்னால் 'ஃப்ராவ்', 'ஹெர்' என்று மரியாதை சேர்த்து. 'நீ' சங்கம் வழங்குவது, தனிநபர் வழங்குவதல்ல. ஆகவே இல்கா வெளியே நிற்கும்போது "சௌக்கியமா இருக்கீங்களா?" என்பாள். வேனுக்குள் காலை வைத்ததும் மாறிவிடுவாள்.

"பைத்தியமா நீ? அறுபத்தொண்ணுல வந்து ஃபிரிட்ஜை நம்பறியே. கம்பம் எங்க இருக்கு, நீ எங்க இருக்க? கேபிளோட வால் நுனி இது. உனக்கு முன்னாடி இருக்கற அறுபது பேரும் குடிச்ச மிச்சந்தான் உனக்கு வரும்."

"நீ எப்படி சமாளிக்கற?"

"டின் மீன்," என்றாள் இல்கா. "அம்பத்தஞ்சுக்கு மேல நாங்க எல்லாரும் டின் மீன்தான். எட்டு வருஷமா நான் பால் வாங்கினதில்லை. ஃபிரிட்ஜுக்குள்ள செருப்பு வெச்சிருக்கேன்."

"புகார் குடுக்கலையா?"

"குடுத்தேன். அதனாலதான் எட்டு வருஷமா அறுபதுலயே இருக்கேன். மத்தவங்க எல்லாரும் முன்னாடி நகர்ந்து போயிட்டாங்க. யாராவது செத்தா ஒரு மனை நகரும். எனக்கு மட்டும் சாவே வரமாட்டேங்குது."

ரோஸ்விதா ஊருக்குப் போய் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்தாள். அன்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு, முகாம் முழுக்கத் தொத்திறைச்சி வாசனை எழும்பிய நேரத்தில், வேனுக்குள் இருந்த பிளக் துளையில் மீட்டரின் கம்பிகளைச் செருகினாள். 187. ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினாள். ஐந்து நாள் எழுதினாள். 191, 186, 184, ஞாயிற்றுக்கிழமை 179. அரைகுறைச் சூட்டில் அரைகுறைக் குளிர். பெட்டிக்குள் வெப்பமானி பதினாறு காட்டியது.

நோட்டை ஷ்வென்க்கிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரியாதையோடு முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. அழகான கையெழுத்து. ஆனா இது அளவு இல்லைங்க."

"வேற என்ன?"

"உங்க கருத்து."

இரண்டாவது வழி எரிவாயு. அவள் சிலிண்டரைத் திறக்கப் போனபோது சிலிண்டர் அறையின் கதவில் ஈய முத்திரை தொங்கியது. எரிவாயுக் காவலர் பதவியும் ஷ்வென்க்குக்குக் கூடுதல் பொறுப்பு. வேனின் எரிவாயுச் சோதனைச் சீட்டு ஜூன் முப்பதோடு காலாவதியாகிவிட்டது, சோதிப்பவர் செப்டம்பரில் வருவார், அதுவரை முத்திரை. "உங்க பாதுகாப்புக்காகத்தான்," என்று அவர் கிசுகிசுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவளுடைய ஊசிகள் பதினெட்டு டிகிரியில் பாதுகாப்பாக இருந்தன.

மூன்றாவது வழி வண்டி. எஞ்சினைப் போட்டாள். பன்னிரண்டு நிமிடத்தில் குறிப்பேட்டில் முதல் குறிப்பு விழுந்தது: முகாமைவிட்டுப் போவதற்காக அன்றி எஞ்சினை இயக்கியது. சரி, போய்விடுவோம் என்று கேபிளைக் கழற்றிவிட்டு வெளியே ஓட்டினாள். தினமும் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள், முன்னிருக்கையில் மல்டிமீட்டர், பின்னால் ஆறு ஊசிகள். பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் அவளுக்குக் கையசைக்கவும் ஆரம்பித்துவிட்டார். நான்காம் நாள் தலைவர் எக்கார்ட் பிர்க்ஹோல்ட்ஸ் தடுப்புக்கட்டையருகே நின்றிருந்தார். வெள்ளைக் காலுறை, செருப்பு, சட்டைப்பையில் சங்கத்தின் வெள்ளி ஊசிச் சின்னம்.

"ஃப்ராவ் லெம்கே, எங்க போறீங்க தினமும்?"

"எங்கயும் போகல. ஃபிரிட்ஜுக்காக ஓட்டறேன்."

"இது முகாம் சங்கம். இங்க யாரும் வண்டி ஓட்டறதில்லை. முக்காவாசி வண்டிக்குச் சக்கரமே கிடையாது, பூத்தொட்டிதான் இருக்கு. நீங்க இப்படிப் போய்ட்டுப் போய்ட்டு வந்தா மத்தவங்க மனசுல என்ன வரும்? போகலாம்னு ஒரு எண்ணம் வரும். அது சங்கத்துக்கு நல்லதா?"

இரண்டாவது குறிப்பு: அமைதியற்ற பயண நடத்தை.

இனி ஒரே ஒரு குறிப்புதான் பாக்கி. ரோஸ்விதா மருந்துக்கடையில் கேட்டாள். கொடுத்த மருந்தைத் திரும்ப வாங்கி வைக்க முடியாது என்றார்கள். கடைசியில் சங்கக் கட்டிடத்துக்குப் போனாள். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃபிரிட்ஜ், முதல் மனைக்கும் முன்னால், கம்பத்துக்குப் பக்கத்தில் மேஜை விசிறிபோல இரைந்துகொண்டிருந்தது. நாலு டிகிரி. உள்ளே பீர்.

"ஒரு மூலையில வெச்சுக்கறேன், ஹெர் பிர்க்ஹோல்ட்ஸ். செங்கல் அளவு டப்பாதான்."

"பானங்கள் மட்டும்," என்று தலைவர் அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதுவும் திரவந்தான்."

"குடிக்கற திரவமா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி படுக்கையில் கிடந்து அதைப் பற்றியே யோசித்தாள். ஆமாம், குடிக்கிறதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தடுத்தது என்ன? நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அடியில் வேறொன்று இருந்தது: அந்தக் காகிதத்தை அவள் மதித்தாள். நேராக ஒட்டியிருந்தார்கள்.

ஜூலை கடைசியில், அந்த ஆறில் முதலாவதைப் போட வேண்டிய நாளில், ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெளிந்த நீர்போல இருக்க வேண்டிய மருந்துக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் மிதந்தது. ஆறிலும். தூக்கி எறியச் சொன்னார் மருத்துவர். காப்பீட்டின் கணக்கில் அவை அவளுக்குள் போய்ச்சேர்ந்துவிட்டன, அடுத்தது அக்டோபரில்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் விரல்கள் வீங்கின. முதலில் வலது கைச் சுட்டுவிரல், பிறகு எல்லாம். காலையில் கை ஒரு கையுறையை ஊதி வைத்ததுபோல இருந்தது. டின் மீனின் வளையத்தை இழுக்க முடியாமல் இல்காவைக் கூப்பிட்டாள்.

"புகார் குடு," என்றாள் இல்கா, டின்னைத் திறந்தபடி. "எனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல, உனக்கும் இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல. ஏதோ ரெண்டு பேர் சொன்ன மாதிரியாவது இருக்கும்."

"உனக்குத்தான் ஃபிரிட்ஜுல செருப்பு இருக்கே."

"அதுவும் சாயந்தரத்துல சூடாயிடுது," என்றாள் இல்கா.

புகார்ப் படிவம் மூன்று பிரதி, கையால், நீல மையில். ரோஸ்விதா பேனாவைத் துணி சுற்றித் தடியாக்கி, முஷ்டியில் பிடித்து எழுதினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே போயின. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், மழையில் நனைந்த குருவி நடந்துபோனதுபோல ஒரு கோடு விழுந்தது.

விசாரணை மதியம் இரண்டு மணிக்கு. உறுப்பினர்களுக்கு அதுதான் சௌகரியம், வேறு எதுவும் செய்ய அனுமதி இல்லாத நேரம். நீண்ட மேஜைக்குப் பின்னால் தலைவரும் ஷ்வென்க்கும் உட்கார்ந்திருந்தார்கள். பார்வையாளர்கள் நாற்பது பேர், கையில் பீர். மதிய ஓய்வு என்பதால் தலைவர் தன் உரையைக் கிசுகிசுத்தார். உணர்ச்சிவசப்பட்ட இடங்களில் இன்னும் மெதுவாகக் கிசுகிசுத்தார்.

"நண்பர்களே. இந்தக் கேபிளை எழுபத்திநாலுல நம்ம அப்பாமாருங்க கையால தோண்டிப் புதைச்சாங்க. எந்த இன்ஜினியரையும் கேக்கல. அது மெலிசா இருக்குன்னு இந்தம்மா சொல்றாங்க. நம்ம அப்பாமாருங்களை மெலிசுன்னு சொல்றாங்களா?"

கூட்டம் மௌனமாகக் கொதித்தது.

"ஐம்பது வருஷத்துல கோளாறே இல்லை. இருந்திருந்தா பதிவேட்டுல இருந்திருக்கும். பதிவேட்டுல வரணும்னா மின்காவலர் அளக்கணும். அவர் அளந்த போதெல்லாம் சரியா இருந்தது. சரியா இருக்கற நேரமாப் பாத்துத்தான் அவர் அளக்கறார். இதுக்கு மேல என்ன பொறுப்பு வேணும்? ஹார்ட்முட், நீ ஒரு தடவையாவது தப்பான நேரத்துல அளந்திருக்கியா?"

"ஒரு தடவகூட இல்லை, எக்கார்ட்," என்றார் ஷ்வென்க், கண் கலங்கி.

"ஊசி கெட்டுப்போச்சுங்கறாங்க. வருத்தந்தான். ஆனா அம்பத்தஞ்சுலேர்ந்து அறுபது வரைக்கும் இருக்கறவங்க யாராவது கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்களா? அவங்க கெட்டுப்போற பொருளே வாங்கறதில்லை. அதுதான் சங்க உணர்வு."

பிறகு அவர் படிவத்தை எடுத்தார். பக்கத்தில் ஏப்ரலில் அவள் நிரப்பிய உறுப்பினர் விண்ணப்பத்தை வைத்தார். அதில் ரோஸ்விதா லெம்கே என்று வட்டவட்டமாக, மூன்றாம் ஜன்னலின் கையெழுத்து.

"ரெண்டும் ஒரே ஆள் போட்டதா?"

"ஆமா."

"பொருந்தலையே."

"கை வீங்கியிருக்கு. அதைத்தானே புகார்ல எழுதியிருக்கேன்."

"புகார்ல என்ன எழுதியிருக்குன்னு நாங்க படிக்கணும்னா, முதல்ல அது உங்க புகார்தானான்னு தெரியணும். அதுக்குக் கையெழுத்து பொருந்தணும்." அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "கை சரியானதும் வாங்க."

ரோஸ்விதா வாயைத் திறந்தாள். அப்போது அவளுக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்தான். பக்கவாதம் வந்த ஒருவன். அவனுடைய படிவத்தில் கையெழுத்து பொருந்தவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தாள், மூன்று தடவையும் கனிவோடு. கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்ன ஞாபகம். நாலாம் தடவை அவன் வரவில்லை. அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. கையெழுத்து மட்டும் அப்படியே, ஒவ்வொரு கோணலோடும், நினைவில் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். "சரிங்க," என்றாள்.

செல்லாத புகார் கொடுக்கப்படாத புகார். கொடுக்கப்படாத புகாருக்குக் குறிப்பு கிடையாது. ஆகவே செப்டம்பரில் சோதனைக் காலம் முன்கூட்டியே முடித்துவைக்கப்பட்டபோது ரோஸ்விதா லெம்கேயின் பெயரில் இரண்டே குறிப்புகள்தான் இருந்தன; விசாரணையில் அவள் காட்டிய பண்பு தனியாகப் பாராட்டப்பட்டது. இருபத்திரண்டாம் மனைக்காரர் ஆகஸ்டில் இறந்துபோயிருந்தார். வரிசையைத் தாண்டி அந்த மனை அவளுக்கு.

விழாவில் தலைவர் பொன்னிற விளிம்பு போட்ட பெரிய புத்தகத்தை விரித்து வைத்தார். முழு உறுப்பினர்கள் கையெழுத்திடும் புத்தகம். ரோஸ்விதா முஷ்டியில் பேனாவைப் பிடித்து அழுத்தினாள். நனைந்த குருவி மறுபடி நடந்தது. அதே கோடு, அதே கோணல். அவள் தலையை நிமிர்த்தாமல் காத்திருந்தாள்.

"போதும், போதும்," என்றார் தலைவர். "நம்ம ஆளுதானே. இதுல என்ன இருக்கு." வெள்ளிச் சின்னத்தை அவளால் குத்திக்கொள்ள முடியாது என்று கண்டு அவரே குத்திவிட்டார். "இனிமே 'நீ'தான், ரோஸ்விதா. கூப்பிடு."

"நன்றி, எக்கார்ட். நீ..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இல்கா தட்டவில்லை. அவள் டின் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாம் மனையில் சாயங்காலம் ஆறரைக்கும் 224 வோல்ட் வந்தது. சிவப்பு விளக்கு மினுக்கவே இல்லை. உள்ளே நாலு டிகிரி. ரோஸ்விதா அதில் வைக்க எதுவும் இல்லாமல் வெண்ணெய் வாங்கி வைத்தாள். பிறகு ஒரு மதியம், வீக்கம் தாளாமல், கதவைத் திறந்து முழங்கைவரை இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவு சுகமாக இருந்தது. தினமும் மதியம் அப்படி உட்கார ஆரம்பித்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் வேனின் பக்கவாட்டில் யாரோ தட்டினார்கள். அறுபத்தொன்றுக்குப் புதிதாக வந்தவள். இளம்பெண், தோளில் ஈரத்துண்டு, கையில் ஒரு சின்ன டப்பா. உள்ளே என்ன என்று தெரியவில்லை, ஆனால் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. நீங்க முன்னாடி எங்க மனையில இருந்தீங்களாமே. எங்க ஃபிரிட்ஜ் சாயந்தரமானா நின்னுபோகுது. மின்காவலர் எல்லாம் சரியா இருக்குங்கறார். உங்களுக்கும் அப்படித்தான் இருந்துதா?"

ரோஸ்விதா கைகளை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் வலி தொடங்கும். அந்தப் பெண்ணின் டப்பாவைப் பார்த்தாள். தன் முன்னால் கதவு திறந்திருக்கும் பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே கால்.

"இது ஓய்வு நேரங்க," என்று புன்னகையோடு கிசுகிசுத்தாள். "மூணு மணிக்கு மேல வாங்க."